மெஷினை நிறுத்த வேண்டாம், கொஞ்சம் மெதுவாக வரச் சொல்லுங்கள்

திங்கட்கிழமைக்குள் ஒரு பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். காலையில் கந்தோருக்குள் நுழைந்ததிலிருந்து மாலை வரை நான் என்னென்ன செய்கிறேன், எந்தப் பில்லை ஏன் திருப்பி அனுப்புகிறேன், எந்த இடத்தில் மேலிடத்தைக் கேட்கிறேன் என்று ஒரு படி விடாமல் எழுதித் தர வேண்டுமாம். எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை, போன வருடம் இதே பத்திரத்தை என் செக்ஷனில் இருந்த பிள்ளைகளிடம் கேட்டு வாங்கியவனே நான்தான். அதை எழுதாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கொழும்பில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் எனக்கு வேலை. சாமான் தருகிறவர்கள் அனுப்பும் பில்களை ஓர்டரோடு ஒத்துப்பார்த்து, சிஸ்டத்தில் ஏற்றி, பணம் கொடுக்க அனுப்பும் செக்ஷன். 11 பேர் இருந்தோம். இப்போது 3 பேர். நடுவில் வந்தது ஒரு மென்பொருள். மாதச் சந்தா, இயந்திரம் என்று கண்ணால் பார்க்க ஒன்றும் கிடையாது, ஒரு புதன்கிழமை காலையில் திரையில் புதிதாக ஒரு பொத்தான் இருந்தது, அவ்வளவுதான்.

முதல் மாதம் அதைப் பார்த்துச் சிரித்தோம். வெளிநாட்டிலிருந்து வரும் அச்சடித்த பில்களை ஒழுங்காக வாசித்துவிடும். ஆனால் மொத்த வியாபாரக் கடைகள் நிறைந்த புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவிலிருந்து ஒரு பில் வந்தால் தடுமாறும். பார்த்தவர்களுக்குத் தெரியும், கார்பன் தாள் வைத்து எழுதிய இரண்டாவது பிரதி, அதில் ஏழும் ஒன்றும் ஒன்றுபோலவே இருக்கும், சாமானின் பெயர் பாதி தமிழில், அளவு ஆங்கிலத்தில், மூலையில் சிங்களத்தில் ஒரு குறிப்பு, அதற்கு மேலே கடை முத்திரை. "18 மூட்டை" என்பதை அது "78" என்று வாசித்து ஒரு வெங்காய வியாபாரியைக் கோடீஸ்வரனாக்கப் பார்த்தது. நாங்கள் திருத்தினோம். திருத்துவதுதான் அப்போது எங்கள் வேலை. ஒவ்வொரு திருத்தமும் அதற்கு ஒரு பாடம் என்பது எங்களுக்குத் தெரியாமலில்லை, ஆனால் தெரிந்து என்ன செய்வது, திருத்தாமல் விட்டால் வெங்காயக்காரருக்கு 78 மூட்டைக்குக் காசு போய்விடும். எட்டாவது மாதம் அது எங்களைக் கேட்பதைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டது.

போன 8 பேரில் ஒரு தங்கச்சி கொட்டாஞ்சேனையில் எங்கள் தெருவிலேயே இருக்கிறாள். அவளுடைய அப்பா புறக்கோட்டையில் நாட்டாமை. தமிழ்நாட்டிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் ஊரில் நாட்டாமை என்றால் ஆலமரத்தடியில் தீர்ப்புச் சொல்கிறவர், எங்கள் கொழும்பில் நாட்டாமை என்றால் தலையிலும் முதுகிலும் மூட்டை சுமக்கிறவர், கைவண்டி இழுக்கிறவர். அவர் மலையகத்திலிருந்து பதினேழு வயதில் வந்தவர். மகள் இந்த வேலைக்கு வரக்கூடாது, எந்தச் சுமையும் தூக்கக்கூடாது என்பதற்காகவே ஏஎல் என்கிற உயர்தரத்தில் கொமர்ஸ் படிக்க வைத்து, அப்புறம் ஏஏடி என்கிற கணக்கியல் படிப்பும் படிக்க வைத்து, ஏசி போட்ட கந்தோரில் உட்கார வைத்தார். இப்போது என்ன ஆயிற்று? மெஷின் முதலில் அவரிடம் வரவில்லை, மகளிடம் வந்துவிட்டது. நான்காம் குறுக்குத் தெருவில் லொறி நிற்கவே இடமில்லாத சந்துக்குள் கைவண்டியை வளைத்துத் திருப்ப ஒரு ரோபோவை வாங்குவதைவிட அவருக்குக் கூலி கொடுப்பது மலிவு. கூலி மலிவாக இருக்கிற இடத்துக்கு மெஷின் வராது, அதைப் பாதுகாப்பு என்று யாராவது சொன்னால் அவர்கள் ஒரு நாள் அந்த வண்டியை இழுத்துப் பார்க்கட்டும். நாங்கள் பிள்ளைகளையெல்லாம் எங்கே அனுப்பினோமோ, கீபோர்டுக்கு முன்னால், அங்கேதான் அது முதலில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

அப்போ அரசாங்கம் இதைத் தடுக்க வேண்டுமா? கந்தோரில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இதைப் பற்றிக் கதைத்தால் இரண்டே பதில்தான் வரும். ஒன்று, "சட்டம் போட்டு நிறுத்தணும்." மற்றது, "உலகம் போகிற வழியை யாரால் நிறுத்த முடியும்." இரண்டுமே எனக்கு ஒத்துவரவில்லை, அதற்குக் காரணம் என் அப்பா.

அப்பா ஒரு அச்சகத்தில் கம்போசிட்டர். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி இடது கையிலிருக்கும் ஸ்டிக்கில் அடுக்குகிற வேலை. தமிழுக்குப் பெட்டியில் எத்தனை அறை! கு, கூ, மு, மூ என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. எழுத்துகள் தலைகீழாக, கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பி நிற்கும், அதை அவர் பேப்பர் வாசிக்கிற வேகத்தில் வாசிப்பார். சின்ன வயதில் எனக்கு அது மந்திரவாதம் மாதிரி இருக்கும். 1994 இல் முதலாளி ஒரு கம்பியூட்டர் வாங்கினார். ஒன்றுதான் வாங்கினார், இரண்டாவதுக்குக் காசில்லை. அதனால் புத்தகங்கள் கம்பியூட்டருக்குப் போக, கலியாணக் கார்டும் மரண அறிவித்தலும் பழைய மெஷினிலேயே ஓடின, கிட்டத்தட்ட இரண்டரை வருடம். அந்த இரண்டரை வருடத்தில் அப்பா வேலை முடிந்து ஒரு மணித்தியாலம் அங்கேயே இருந்து பாமினி எழுத்துருவில் தட்டச்சுப் பழகினார். அப்போது அவருக்கு வயது 46. முதலில் கை கீபோர்டில் நிற்காதாம், 'மு' என்றால் பெட்டியில் 'மு' இருந்த பக்கம் காற்றில் போகுமாம். அப்புறம் புரூப் பார்த்தார், அப்புறம் பக்கம் கட்டினார், அதே இடத்தில் 60 வயது வரை இருந்துவிட்டுத்தான் வெளியே வந்தார்.

எல்லாருக்கும் அப்படி அமையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நான்கு கம்போசிட்டர்களில் ஒருவர் கட்டாருக்குப் போனார், ஒருவர் முகத்துவாரத்தில் கடை போட்டு நஷ்டப்பட்டார். ஆனால் அப்பா தப்பியதற்குக் காரணம் அவருடைய திறமை மட்டும் இல்லை, முதலாளியின் நல்ல மனதும் இல்லை. இரண்டாவது கம்பியூட்டருக்குக் காசில்லாமல் போனதுதான் காரணம். காசில்லாமை அங்கே ஒரு பிரேக் மாதிரி வேலை செய்தது. இப்போது மாதச் சந்தாவில் வருகிற மென்பொருளுக்கு அந்தப் பிரேக் இல்லை. இரண்டரை வருடம் எடுத்த மாற்றம் எங்கள் செக்ஷனில் எட்டு மாதத்தில் முடிந்தது, கடைசியில் ஆட்களை அனுப்ப எடுத்துக்கொண்டது மூன்று கிழமை.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த நாட்டில் சட்டமே இல்லை என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். இருக்கிறது, அதுவும் கடுமையான சட்டம். ஊழியத்தை முடிவுறுத்துவது பற்றிய 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம், சிறிமாவோ அரசாங்கம் கொண்டுவந்தது. 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், 12 மாதத்துக்குள் 180 நாள் வேலை செய்த ஒருவரை ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் அனுப்ப வேண்டுமென்றால் ஒன்று அவரே எழுத்தில் சம்மதிக்க வேண்டும், இல்லையென்றால் தொழில் ஆணையாளர் நாயகம் அனுமதிக்க வேண்டும். மெஷின் வந்துவிட்டது, ஆள் தேவையில்லை என்பதும் இதற்குள்தான் வரும். நட்டஈட்டுக்கு வர்த்தமானியில் ஒரு கணக்கே இருக்கிறது, முதல் 5 வருடங்களுக்கு வருடத்துக்கு இரண்டரை மாதச் சம்பளம் என்று தொடங்கி இறங்கிக்கொண்டு போகும். உச்ச வரம்பு முன்பு பன்னிரண்டரை லட்சம், 2021 இல் 25 லட்சம் ஆக்கினார்கள்.

கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! சரி, எங்கள் செக்ஷனில் போன 8 பேருக்கு இதில் எவ்வளவு கிடைத்தது? ஒரு சதமும் இல்லை. ஏனென்றால் அவர்கள் கம்பெனியின் ஆட்களே இல்லை, மேன்பவர் ஆட்கள். ஒரு ஏஜென்சி அனுப்பியது, ஒப்பந்தத்தை வருடத்துக்கு வருடம் புதுப்பித்தது, இந்த முறை புதுப்பிக்கவில்லை. யாரையும் யாரும் வேலையிலிருந்து நீக்கவில்லை, பாருங்கள். நிரந்தரமாக எடுத்தால் பிறகு அனுப்ப முடியாது என்று பயந்துதான் கம்பெனிகள் மேன்பவருக்குப் போகின்றன, ஆக 1971 இல் தொழிலாளியைக் காப்பாற்றக் கட்டிய மதில் 2020களில் தொழிலாளியை மதிலுக்கு வெளியே வைத்துவிட்டது. தடை போட வேண்டும் என்கிறவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும். நாளைக்கு மெஷினுக்கு ஒரு தடைச் சட்டம் வந்தால் அதற்கும் ஒரு மேன்பவர் கதவைக் கண்டுபிடிப்பார்கள், மென்பொருளை இங்கே ஓட்டாமல் வேலையையே வேறு நாட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், பில் வாசிப்பதற்குக் கொழும்பில்தான் இருக்க வேண்டும் என்று ஏதாவது விதி இருக்கிறதா?

அந்தத் தங்கச்சியின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். சம்பளம் 60,000, மூன்று வருடம். ஈபிஎஃப் என்கிற ஊழியர் சேமலாப நிதியில் அவளுடைய 8 வீதமும் ஏஜென்சியின் 12 வீதமும் இருக்கிறது, ஆனால் வேலை போனது என்பதற்காக அதை எடுக்க முடியாது, பெண்களுக்கு 50 வயது வர வேண்டும் (கலியாணம் கட்டினால் எடுக்கலாம், அதற்கு வேறு கதை). பணிக்கொடைக்கு 5 வருடம் வேண்டும், அதுவும் இல்லை. கையில் வரக்கூடியது ஈடிஎஃப் என்கிற ஊழியர் நம்பிக்கை நிதி மட்டும், முதலாளி கட்டுகிற 3 வீதம், மாதம் 1,800, மூன்று வருடத்துக்கு 64,800, வட்டி ஏதாவது சேரும். ஒரு மாதச் சம்பளம். வேலையில்லாக் காப்புறுதி என்று ஒன்று இந்த நாட்டில் கிடையாது. அதாவது புதிதாக ஏதாவது பழகிக்கொள்ள அவளுக்கு இந்த அமைப்பு கொடுத்த அவகாசம் சரியாக ஒரு மாதம்.

துறைமுகத்தைச் சொல்லாமல் கொழும்பில் இந்தப் பேச்சு முடியாது. 2024 அக்டோபர் 1 ஆம் திகதி அமெரிக்காவின் கிழக்குக் கரைத் துறைமுகங்களில் ஏறத்தாழ 45,000 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள், சம்பளத்தோடு தானியங்கி இயந்திரமும் ஒரு காரணம். மூன்று நாளில் சம்பளத்தில் இணக்கம், அடுத்த ஜனவரியில் மெஷின் விடயத்திலும் ஒப்பந்தம். அதைக் காட்டி "பார்த்தீர்களா, சங்கம் நினைத்தால் முடியும்" என்று ஒரு நண்பர் சொன்னார். முடியும்தான், அங்கே. அமெரிக்காவுக்குப் போகிற சாமான் அமெரிக்காவில்தான் இறங்கியாக வேண்டும். கொழும்புக்கு வருகிற பெட்டிகளில் பெரும்பகுதி எங்களுக்கு வருவதே இல்லை, ஒரு கப்பலிலிருந்து இறங்கி இன்னொரு கப்பலில் ஏறி இந்தியாவுக்கும் வேறு இடங்களுக்கும் போகிறவை. நாங்கள் மெதுவாக இறக்கினால் கப்பல் நேரே விழிஞ்ஞத்துக்குப் போகும். கேரளாவில் அந்தத் துறைமுகத்தை நடத்துகிற அதானிதான் 2025 ஏப்ரலில் இங்கே மேற்கு முனையத்தையும் திறந்தார், ஜோன் கீல்ஸ் கம்பெனியும் துறைமுக அதிகார சபையும் கூட்டு, முழுத் தானியங்கி என்று அறிவித்து, வருடத்துக்கு 32 லட்சம் பெட்டி கையாளலாம் என்று. இரண்டு பக்கமும் அவர்தான் என்பது வேறு ஒரு நாள் எழுத வேண்டிய விடயம். 2021 இல் கிழக்கு முனையத்துக்காகத் துறைமுகச் சங்கங்கள் போராடி வென்றது உண்மை, ஆனால் அது முனையம் யார் கையில் இருப்பது என்ற போராட்டம், மெஷின் பற்றியது இல்லை. எங்கள் மாதிரிக் கந்தோர்களில் சங்கமே கிடையாது, 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் 40,000 பேருக்கு மேல் வேலையிழந்த கதையைச் சொல்லிச் சொல்லியே பெரியவர்கள் எங்களை வளர்த்தார்கள்.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. எல்லா இடத்திலும் ஆள் அதிகமாக இருப்பதில்லை. 2022 இல் மட்டும் 3 லட்சத்துக்கு மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். கட்டுநாயக்கப் பக்கம் போய்ப் பாருங்கள், தையல் மெஷினுக்குப் பிள்ளைகள் தேவை என்று மதில் மதிலாக நோட்டீஸ் ஒட்டியிருக்கும். அங்கே நூல் வெட்டுகிற மெஷின் வந்தால் யாருடைய வேலையும் போகாது, மிஞ்சி இருக்கிற பிள்ளையின் முதுகுவலிதான் குறையும். எல்லாவற்றுக்கும் ஒரே தடை என்பது அதனாலும் முட்டாள்தனம்.

அப்போ என்னதான் வேண்டும் என்கிறாய் என்று கேட்பீர்கள். அவகாசம். அதை முதலாளி காசு கொடுத்து வாங்க வேண்டும். ஒரு மென்பொருளால் ஆட்களைக் குறைக்கப் போகிறாய் என்றால் ஆறு மாதத்துக்கு முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும், தொழில் திணைக்களத்துக்கும் அந்த ஆட்களுக்கும், நிரந்தரமோ மேன்பவரோ யாராக இருந்தாலும் சரி, யாருடைய மேசையில் உட்கார்ந்து வேலை செய்தார்களோ அவர்தான் பொறுப்பு. அந்த ஆறு மாதத்தில் கிழமைக்கு ஒரு நாள் சம்பளத்தோடு படிக்க விட வேண்டும். பெரிதாகத் தெரிகிறதா? ஒரு ஆளை வைத்திருந்தால் முதலாளி ஈபிஎஃப், ஈடிஎஃப் என்று சம்பளத்துக்கு மேல் 15 வீதம் கட்ட வேண்டும். அதே காசுக்கு இயந்திரம் வாங்கினால் வரியில் கழிவு கிடைக்கிறது. அரசாங்கம் ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்கிறது, நடுவில் நிற்கவில்லை. தென்கொரியா 2017 இல் இந்தத் தானியங்கி முதலீட்டுக்கான வரிச் சலுகையைத்தான் குறைத்தது, ரோபோவுக்கு வரி போட்டுவிட்டார்கள் என்று உலகம் முழுக்கச் செய்தி வந்தது, உண்மையில் செய்தது அவ்வளவுதான். அந்தளவாவது இங்கேயும் செய்யலாம், அந்தக் காசைப் படிப்புக்குத் திருப்பலாம்.

படிப்பு என்றதும் எல்லாரும் சிங்கப்பூரை இழுப்பார்கள், எங்கள் அரசியல்வாதிகளுக்கு அது ஒரு தீராத நோய். சரி, நானும் இழுக்கிறேன். அங்கே 2016 இல் 25 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவர் கணக்கிலும் படிப்புக்கென்று 500 டொலர் போட்டார்கள், 2024 இல் 40 தாண்டியவர்களுக்கு இன்னும் 4,000. யாரும் அதிகாரியின் காலில் விழ வேண்டியதில்லை. இங்கே அந்தத் தங்கச்சியோடு நானும் ஒரு பயிற்சி நிலையத்துக்குப் போனேன், டேட்டா சம்பந்தமாக ஆறு மாதப் பாடநெறி, கட்டணமும் குறைவு. கவுண்டரில் இருந்தவர் மிகவும் நல்ல மனிதர், தேநீர் கூடத் தந்தார். பாடம் சிங்களத்தில், கையேடு ஆங்கிலத்தில். தமிழில்? "போதிய ஆட்கள் சேர்ந்தால் தொடங்கலாம், பெயரை எழுதி வைத்துவிட்டுப் போங்கள்." அவளுடைய பெயருக்கு மேலே அந்தக் கொப்பியில் நான்கு பெயர் இருந்தது, முதல் பெயருக்கு எதிரே போட்டிருந்த திகதி இரண்டு வருடத்துக்கு முந்தியது.

இப்போது அவள் செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடையில் பில் எழுதுகிறாள், கையால். சம்பளம் முன்பைவிடப் பதினைந்தாயிரம் குறைவு. போன ஞாயிற்றுக்கிழமை பாண் வாங்கப் போன இடத்தில் அவளுடைய அப்பாவைக் கண்டேன். தோளில் துவாயோடு நின்றிருந்தார், ஞாயிறிலும் ஒரு லொறி வந்ததாம். மகளுடைய வேலை போனதைப் பற்றி என்மேல் அவருக்குக் கோபம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு தயங்கித் தயங்கித்தான் பக்கத்தில் போனேன். அவர் வேறு ஒன்றைக் கேட்டார்.

"ஏந்தம்பி, எங்க கடை முதலாளி எழுதுற பில்லுகூட அந்த மெஷினுக்கு வெளங்குதாமே, நெசமா?"

"நிஜம்தான் அண்ணே."

கொஞ்ச நேரம் யோசித்தார். "எனக்கே இருவத்தஞ்சு வருசமா வெளங்கல," என்றார்.